செயலாளரின் ஆண்டறிக்கை: மழைக்காடுகளைப் பற்றிப் பேசிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வெப்பமண்டல மழைக்காடுகள் ஏன் அழிகின்றன என்ற ஒரே பொருளில்தான் நம் சுற்றுச்சூழல் மன்றம் இந்த ஆண்டு மாதக் கூட்டங்களை நடத்தியது. அலுத்துவிடும் என்று செயற்குழுவில் சிலர் தயங்கினார்கள். அலுக்கவில்லை, பல கூட்டங்கள் நேரம் தாண்டித்தான் முடிந்தன.

மரக்கடத்தல்தான் முழுக் காரணம் என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டதும் பேச்சு மாறியது. நடுவே நெடுஞ்சாலை, இருபுறமும் கிளைச்சாலைகள், ஒவ்வொன்றை ஒட்டியும் வெட்டவெளி. அப்படியே மீன் முள்! சாலை வந்ததும் விலைபோகும் மரம் முதலில் போகிறது. மிச்சத்தைக் கொளுத்தி மேய்ச்சல் நிலமாக்குகிறார்கள். அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி இப்படி மாட்டுப் பண்ணைக்குப் போனதுதான். இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டம், காங்கோவில் சிறு விவசாயமும் அடுப்புக்கரியும். வயிற்றுப்பாட்டுக்கு வெட்டுகிறவரையும் பெரும் பண்ணை முதலாளியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. இன்றும் அதையே சொல்கிறேன்.

விளைவுகளைப் பேசிய கூட்டத்தில் இரண்டு தட்டுகளில் மண் நிரப்பினோம். ஒன்றின்மேல் சருகு, மற்றது வெறும் மண். இரண்டிலும் பூவாளியால் நீர் ஊற்றினோம். சருகுத் தட்டிலிருந்து நீர் ஏறக்குறையத் தெளிவாக வடிந்தது. மற்றதிலிருந்து காவி நிறத்தில் மண்ணோடு ஓடியது. மழைக்காட்டில் சத்து பெரும்பாலும் மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது, மண்ணில் குறைவு. அதனால்தான் சில ஆண்டுகளில் மேய்ச்சல் நிலம் சோர்ந்துபோக, அடுத்த காட்டில் கை வைக்கிறார்கள். அப்புறம் மழை. அமேசான் மரங்கள் வெளிவிடும் ஈரம் தெற்கே வெகுதூரத்து வயல்களுக்கும் மழையாகிறது. காட்டை வெட்டினால் அந்த விவசாயிக்கே மழை குறையும்.

2024இல் உலகில் 67 லட்சம் ஹெக்டேர் தொன்மையான வெப்பமண்டலக் காடு போனது. அதில் ஏறக்குறையப் பாதி தீயால். சரி, தடுக்கவே முடியாதா? பிரேசில் அமேசானில் 2004இல் சுமார் 27,700 சதுர கிலோமீட்டர் அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், காடழிப்போருக்குக் கடன் மறுப்பு என்று அரசு இறங்கியதும் 2012இல் அது சுமார் 4,600 ஆனது. பிடி தளர்ந்ததும் 2021இல் 13,000ஐத் தாண்டியது. இந்த மூன்று எண்களையும் உறுப்பினர்கள் மனப்பாடமாகவே சொல்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

திட்டமிட்ட மாணவர் கருத்தரங்கை நடத்த முடியவில்லை, பொறுப்பு என்னுடையது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டுக்குச் சதுப்புநிலக் காடுகளைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒப்புதல் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்