தாஷ்கண்ட்ல இருந்த தூதர்

அம்மாடி,

ட்ரெயினிங்ல இருக்கற நீ "மேலிடத்துக்குப் பிடிக்காத ரிப்போர்ட் எழுதினா என்னப்பா ஆகும்"னு கேட்டியே, போன்ல சொல்லி முடியாது, அதான் எழுதறேன். கிரெய்க் மர்ரேன்னு ஒரு பிரிட்டிஷ் தூதர், 2002ல உஸ்பெகிஸ்தானுக்குப் போனப்ப 43 வயசுதான். அங்க அதிபர் கரிமோவ் ஆட்சி, ஆப்கானிஸ்தான் போருக்கு அமெரிக்காவுக்கு விமானத் தளம் குடுத்திருந்தாங்க, அதனால ஜெயில்ல நடக்கற கொடுமைய மேற்கு நாடுங்க பெருசா பேசிக்கல. அந்த வருஷம் ஒரு கைதியோட உடம்பு வீட்டுக்கு வந்துச்சு, பெத்தவ அத போட்டோ எடுத்து பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுப்பினா, மர்ரே அத கிளாஸ்கோ டாக்டருங்களுக்கு அனுப்பிப் பாக்கச் சொன்னார், கொதிக்கிற தண்ணியில முக்கின காயம்னு அவங்க சொன்னாங்க. 2004ல அந்தத் தாய்க்கே ஆறு வருஷம் தண்டனை போட்டாங்கம்மா, வெளிநாட்டுல எதிர்ப்பு கிளம்பினதும்தான் விட்டாங்க. படிக்கறப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

மர்ரே 2002 அக்டோபர்லயே, தலைநகர் தாஷ்கண்ட்ல ஒரு மேடையில, அமெரிக்கத் தூதர் பக்கத்துல இருக்கறப்பவே, இங்க ஜனநாயகம் நடக்கலன்னு பேசிட்டார். அதவிட முக்கியம் அவர் லண்டன்ல இருக்கற வெளியுறவுத் துறைக்கு எழுதினது: சித்திரவதை பண்ணி வாங்கற தகவல் அமெரிக்க உளவுத்துறை சிஐஏ வழியா நமக்கு வருது, அத வாங்கறது பாவம், அதுல உண்மையும் இருக்காது, அடிக்கு பயந்தவன் எதுக்கும் கையெழுத்து போடுவான். அந்தத் துறையோட வக்கீல், வாங்கறது சட்டப்படி தப்பில்லன்னுட்டார். 2003ல மர்ரே மேலயே 18 குற்றச்சாட்டு, விசா விஷயம், குடின்னு, விசாரணையில எதுவும் நிக்கல, ஆனா மனுஷன் உடம்பு மனசு ரெண்டும் நொந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். 2004ல அவர் ரிப்போர்ட் ஒண்ணு பத்திரிகைக்குக் கசிஞ்சுது, பதவி போச்சு. 2005 டிசம்பர்ல, அப்ப பிரிட்டனோட உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை நீதிபதிங்க, சித்திரவதையில வாங்கினத கோர்ட்ல சாட்சியமா ஏத்துக்க முடியாதுன்னு தீர்ப்பு குடுத்தாங்க.

அப்புறம் 2021ல ஸ்காட்லாந்துல எட்டு மாசம் ஜெயில் தண்டனை, ஒரு பாலியல் வழக்குல புகார் குடுத்த பொண்ணுங்க யாருன்னு கண்டுபிடிக்கற மாதிரி எழுதினதுக்கு. பத்திரிகை சுதந்திரம்னு அவர் சொல்றார், ஆனா அந்தப் பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு வேணும், இதுல நான் அவர் பக்கம் இல்ல.

தாஷ்கண்ட்ல எழுதினதுக்கு மட்டும் நான் முழுசா அவர் பக்கம். நீ பாத்தத அப்படியே எழுதி ஃபைல்ல வை, பேப்பர்காரங்ககிட்ட பேசறது வேற விஷயம், அவசரப்படாத. போஸ்டிங்க மாத்தினா மாத்தட்டும், வீட்டுக் கடன பத்தி நீ கவலப்படாத, அத நானும் அம்மாவும் பாத்துக்குவோம்.

அப்பா