ஞாயிறு காலை கடற்கரை நடை: பதில் தேவை

பெசன்ட் நகர் குடியிருப்போருக்கு வணக்கம். ஜனவரி 25, ஞாயிறு காலை 6 மணிக்கு ஷ்மிட் நினைவுச் சின்னத்தில் கூடி, அடையாறு முகத்துவாரம் வரை குப்பை பொறுக்கிக்கொண்டே நடக்கிறோம்.

ஆலா (tern), கடற்காகம் (gull) ஆகிய கடற்பறவைகள் வந்திருக்கும் நேரம் இது. அவை பாய்ந்து விழும் இடத்தை வைத்தே மீன்கூட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள் மீனவர்கள். கடலில் சிறுமீன் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அவைதான். போதாததற்குப் பிளாஸ்டிக் வேறு: பாசி படிந்ததும் அதில் இரையின் வாசனை வரும், சில கடற்பறவைகள் ஏமாந்து விழுங்கிவிடும்.

1. கோணிப்பை, கையுறை கொண்டுவரவும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ப்ளீஸ்!
2. அறுந்த தூண்டில் நரம்பு, வலைத் துண்டுகளை முதலில் எடுக்கவும். காலில் சுற்றினால் பறவை பிழைப்பது கஷ்டம்.
3. மணல்திட்டில் பறவைகள் இருந்தால் ஒதுங்கிப் போகவும். ரீல்ஸுக்காக விரட்டாதீர்கள்.
4. நாய்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

எத்தனை பேர் வருகிறீர்கள், யாரிடம் பைனாகுலர் உண்டு என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடவும். நடுவில் குட் மார்னிங் படங்கள் வேண்டாம், கணக்கு தவறிப்போகிறது.