வேலை தெரிந்தால் மட்டும் மேலாளர் ஆகிவிட முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நன்றாக வேலை செய்பவரைப் பிடித்து மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தராமல் விட்டுவிடுகிறார்கள். அவரும் பழைய பழக்கத்தில், மற்றவர் அனுப்பிய அறிக்கையைத் திறந்து ராத்திரி உட்கார்ந்து வரிவரியாகத் தானே திருத்திக்கொண்டிருப்பார். எழுதியவருக்கு எங்கே தவறு என்று கடைசிவரை தெரியாது, அடுத்த முறையும் அதே தவறு வரும்.

கூகுள் நிறுவனம் 2008-ல் தன் மேலாளர்களையே ஆராயத் தொடங்கியது. நல்ல மேலாளரின் எட்டுப் பண்புகளில் முதலில் வந்தது நல்ல பயிற்சியாளராக இருப்பது, தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம்தான். இத்தனைக்கும் அது பொறியாளர்கள் நிறைந்த நிறுவனம்!

வேலையைக் கொடுக்கும்போதே என்ன வேண்டும், எப்போது வேண்டும், எதுவரை அவரே முடிவெடுக்கலாம் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அப்புறம், ஒவ்வொருவரோடும் வாரம் ஒருமுறை கணினியை மூடிவைத்துவிட்டுத் தனியாகப் பேச வேண்டும். குறையையும் அங்கேதான் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும் அல்ல.

பதவி உயர்வு ஆணையோடு சேர்த்தே நிறுவனங்கள் இந்தப் பயிற்சியையும் கொடுக்கட்டும். ஆட்களை நடத்த விருப்பமில்லாத திறமைசாலிகளுக்கு, மேலாளர் ஆகாமலேயே சம்பளம் உயர வழி செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்