பார்க்காத காலுக்கு ஷூ கிடையாது

பாஸ்டன்,
ஏப்ரல் மாதக் கடைசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பனி ஒருவழியாகக் கரைந்து, நடைபாதை ஓரமெல்லாம் மஞ்சள் டாஃபோடில் பூத்திருக்கிறது. பெரியவன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். மாரத்தான் திங்கட்கிழமை போன வாரம்தான் முடிந்தது. ஊரில் பாதிப்பேர் இன்னும் படிக்கட்டைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

நீ அனுப்பிய படங்களில் நான் அதிக நேரம் பார்த்தது உன் கால் கட்டைவிரலைத்தான். நகம் முழுவதும் கறுத்திருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் நீ ஓட ஆரம்பித்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்கே தெரியும். "இங்கே போனில் பார்த்து வாங்கினேன், சரியில்லை, அங்கே நல்லதாக ஒரு ஜோடி வாங்கி, ஜூனில் வரும் உன் தம்பியிடம் கொடுத்தனுப்பு" என்று எழுதியிருந்தாய். மறுநாளே கடைக்குப் போனேன். வெறுங்கையோடுதான் திரும்பினேன். கேட்ட பணத்தைக் கொடுக்கத் தயாராக நின்றும், அவர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் பகுதியில் இருக்கும் அந்தக் கடையில் ஓடுபவர்களுக்கான ஷூவும் காலுறையும் தவிர அதிகம் எதுவும் கிடையாது. வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஓடுகிறவர்கள். நான் எப்போதும் தேடிப் போகும் பெண்மணிக்கு அறுபது தாண்டிவிட்டது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். பாஸ்டன் மாரத்தானைப் பல முறை ஓடி முடித்தவர். உன் படத்தைக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஷூ அடுக்கின் பக்கமே திரும்பாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கட்டைவிரல் மட்டுமா, பக்கத்து விரலுமா? ஒரு காலா, இரண்டுமா? ஓடும் பாதை சமதரையா, இறக்கமா? காலுறை பருத்தியா? ஷூவைக் கழற்றும்போது லேஸை அவிழ்ப்பாரா, அப்படியே உருவிவிடுவாரா?

குன்னூர் சிம்ஸ் பூங்காவிலிருந்து பஸ் நிலையம் வரை இறக்கத்தில் ஓடி, அங்கிருந்து நீ பஸ்ஸில் மேலே வருகிறாய் என்று சொன்னேன். உடனே தலையை ஆட்டினார். இந்த ஊர்க்காரருக்கு அது புரியாமல் இருக்காது. பாஸ்டன் மாரத்தான் ஹாப்கின்டனில் ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஆரம்பக் கிலோமீட்டர்களிலேயே நன்றாக இறங்கிவிடுகிறது. நியூட்டன் ஊரின் மேடுகள் பிறகுதான் வருகின்றன. கடைசி மேடான ஹார்ட்பிரேக் ஹில் 32 கிலோமீட்டரைத் தாண்டி இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த மேட்டை நினைத்துப் பயப்படுவார்கள். இங்கே ஓடிப் பழகியவர்கள் பயப்படுவது முதலில் வரும் இறக்கத்துக்கு. தொடையின் முன்தசையை அடித்து நொறுக்குவது அதுதான். லேஸ் தளர்வாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, நகம் ஷூவின் மூக்கில் இடிக்கும். இடித்து இடித்து நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுக்கும். உனக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்றார். நகம் உயர்ந்து வலி தெறித்தாலோ, சீழ் தெரிந்தாலோ மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அப்படி இல்லாவிட்டால் கறுப்பு தானாக வளர்ந்து வெளியேறிவிடும், நீயாகப் பிடுங்கிவிடாதே.

அப்படியானால் ஓர் அளவு பெரிதாக ஒரு ஜோடி கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். "உங்கள் தோழியின் காலை நான் பார்த்ததில்லை. பெரிய ஷூவில் கால் இன்னும் அதிகமாகச் சறுக்கினால் என்ன செய்வார்? பார்க்காத காலுக்கு நான் ஷூ கொடுப்பதில்லை." நூற்று நாற்பது டாலர் வியாபாரம். பின்னால் வரிசையில் யாரும் இல்லாத மந்தமான மதிய நேரம். அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

அதற்குப் பதிலாகத் தன் காலில் இருந்த ஷூவையே கழற்றி, லேஸ் கட்டும் ஒரு முறையைக் காட்டினார். உன் ஷூவில் மேலே, கணுக்கால் ஓரத்தில், நீ பயன்படுத்தாத ஒரு துளை இரண்டு பக்கமும் இருக்கிறதா பார். லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் இருக்கும் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடு. முழுவதும் இழுத்துவிடாமல் ஒரு சிறு வளையம் நிற்கும்படி வை. இரண்டு பக்கமும் அப்படியே செய். பிறகு வலப்பக்க நுனியை இடப்பக்க வளையத்துக்குள்ளும், இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்து, குதிகாலைப் பின்னால் நன்றாக அழுத்திக்கொண்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடு. குதிகால் ஷூவின் பின்பக்கத்தில் பூட்டியதுபோல உட்கார்ந்துவிடும். விரல்களுக்கு மேலே இருக்கும் லேஸை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வை. இப்போது இருக்கும் ஷூவிலேயே நாளைக் காலை இதைச் செய்து பார்த்துவிட்டு எழுது.

நான் முதன்முதலாக அங்கே போனபோது என் காலை அவர் அளந்த விதம் உனக்குத் தெரிய வேண்டும். சிரக்கியூஸ் நகரத்து சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகோல் ஒன்று இங்கே பழைய ஷூ கடைகளில் இருக்கும். அதில் உட்காரவைத்து அளக்கவில்லை, நிற்கச் சொன்னார். உடல் பாரம் இறங்கும்போது பாதம் நீண்டு அகலும். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரு அளவு, குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை ஒரு அளவு, அகலம் ஒன்று. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்குத்தான் ஷூ எடுத்தார். அப்புறம் தெருவில் ஓடிக் காட்டச் சொன்னார். நான் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்று, தலையைக் குனிந்து, என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலக்கால் கனமாக விழுகிறது என்றார். பழைய சுளுக்கு இருந்த கால் அது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடியவர்கள்தானே நாம், இத்தனை ஆராய்ச்சி எதற்கு" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை வென்றார். கிடைத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை, அதனால் பழகிய வெறுங்காலையே நம்பினார் என்பார்கள். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் வென்றார். பொருந்தாத ஷூவுக்கு வெறுங்கால் மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கால் சிறுவயது முதல் மண்ணில் பழகியது. நம் கால்கள் முப்பது வருடமாகச் செருப்பில் இருந்துவிட்டு இப்போது தார்ச்சாலையில் இறங்குகின்றன.

பெண்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தபோது, பெண்களுக்கு அவ்வளவு தூரம் ஓட உடல் இடம் கொடுக்காது என்று மறுத்துவிட்டார்கள். தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தோடு சேர்ந்து ஓடி, 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அவர் பயிற்சி செய்தது நர்ஸுகள் அணியும் தோல் ஷூவில். பந்தயத்துக்காக வாங்கியது பையன்களுக்கான ஷூ. பெண்களுக்கென்று ஓட்டக் காலணி அப்போது கடைகளில் இல்லை. கொப்புளங்களோடுதான் ஓடி முடித்தார். நமக்குப் பெரும்பாலும் முன்பாதம் அகலம், குதிகால் குறுகல். ஆண்களின் அச்சில் செய்த ஷூ முன்னால் சரியாக இருந்தால் பின்னால் நழுவும். அந்த நரைமுடிப் பெண்மணி கையை விட்டுக் குதிகாலைச் சோதிக்கும்போதெல்லாம் எனக்கு பாபி கிப் ஞாபகம்தான் வரும்.

இந்த மாதிரிக் கடைகள் தோன்றிய விதமும் எனக்குப் பிடிக்கும். 1960களில் ஃபில் நைட் ஜப்பானிலிருந்து டைகர் ஷூக்களை வரவழைத்து, ஓட்டப்பந்தயம் நடக்கும் இடங்களில் காரின் டிக்கியைத் திறந்து விற்றார். பின்னாளில் நைக்கி ஆன நிறுவனம் அது. அதன் முதல் முழுநேர ஊழியரான ஜெஃப் ஜான்சனும் ஓட்டக்காரர். 1966இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் அவர் ஒரு சிறிய கடை திறந்தார். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போட்டு, கால் அளவையும் அவர்கள் சொன்ன குறைகளையும் எழுதி வைத்தார். அவர்களுக்குக் கடிதமும் எழுதினார். இங்கே பாஸ்டனில், நான்கு முறை இந்த மாரத்தானை வென்ற பில் ராஜர்ஸ் 1977இல் கிளீவ்லேண்ட் சர்க்கிளில் கடை வைத்தார். மாரத்தான் ஓடும் பாதையிலேயே, ஹார்ட்பிரேக் மேட்டை இறங்கி வரும் இடம் அது. அங்கே வேலை பார்த்த கிரெக் மேயர் 1983இல் பாஸ்டனை வென்றார். நாளை நாட்டின் முன்னணி வீரராகப்போகிறவர் இன்று உன் முன்னால் மண்டியிட்டு லேஸ் கட்டிவிடுகிறார் என்றால், அவர் சொல்வதை நீ எப்படிக் கேட்பாய்! அந்தக் கடை இப்போது இல்லை.

இவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. பாதத்தின் வளைவைப் பார்த்து, டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்து, உங்களுக்கு இந்த வகை ஷூதான் என்று தீர்ப்புச் சொல்வது பல வருடம் இங்கே வழக்கமாக இருந்தது. அமெரிக்கப் படைகளின் பயிற்சி வீரர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தபோது, அதனால் காயங்கள் குறையவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக், காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று வாதிட்டார். எங்கள் கடையில் டிரெட்மில் இப்போதும் இருக்கிறது, ஆனால் கடைசி முடிவை உன் காலிடம்தான் கேட்பார்கள். பல வருடம் சொல்லிவந்ததை மாற்றிக்கொள்ள ஒரு நேர்மை வேண்டும். நான்கு ஜோடியைக் கொண்டுவந்து, பெயரையும் விலையையும் சொல்லாமல் மாட்டிவிட்டு, "எதை மறந்துபோகிறீர்கள்?" என்று கேட்பார் அந்தப் பெண்மணி. காலில் இருப்பதே தெரியாத ஜோடியைத்தான் எடுக்கச் சொல்வார்.

கடைக்காரர்களுக்கு விற்பது ஒன்றுதான் குறி என்றும் எழுதியிருந்தாய். பாய்ல்ஸ்டன் தெருவில் மாரத்தான் முடியும் கோட்டுக்குப் பக்கத்தில் மாரத்தான் ஸ்போர்ட்ஸ் என்று ஒரு கடை இருக்கிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனத்தின் கிளை. 2013 ஏப்ரல் 15 அன்று முதல் குண்டு வெடித்தது அந்தக் கடை வாசலில்தான். மூன்று பேர் இறந்தார்கள், 260க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கடை ஊழியர்கள் விற்பனைக்கு மாட்டியிருந்த துணிகளை உருவிக்கொண்டு ஓடி, வெளியே கிடந்தவர்களின் கால்களில் ரத்தம் நிற்கக் கட்டினார்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த இடத்தைக் கடக்கும்போது அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஆறேழு ஜோடி போட்டுப் பார்த்து, அளவையும் பெயரையும் குறித்துக்கொண்டு, கடைக்குள் இருந்தபடியே போனில் பத்து டாலர் குறைவாக ஆர்டர் போடுகிறார்கள். அடுத்த முறை கால் வலிக்கும்போது இதே கடையைத் தேடி வருவார்கள்; அப்போது கடை இருக்க வேண்டுமே. நான் அங்கே கொடுக்கும் கூடுதல் பத்து டாலரை அந்தக் காதுகளுக்குக் கொடுக்கும் சம்பளமாகத்தான் நினைக்கிறேன்.

நீ என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். அடுத்த முறை கோயம்புத்தூர் போகும்போது விடியற்காலையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் போ. நடப்பவர்களை விடு, ஓடுபவர்களில் உன் வயதுக்காரர் ஒருவரை நிறுத்தி, எங்கே ஷூ வாங்குகிறீர்கள், கடையில் ஓடுகிறவர் யார் இருக்கிறார் என்று கேள். தயங்காதே, ஓடுபவர்களுக்கு ஷூ பற்றிப் பேசுவது பிடிக்கும். கடைக்கு மாலையில் போ, அந்நேரம் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே காலுறையையும், இந்தப் பழைய ஷூவையும் எடுத்துப்போ. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்க்கிறாரா என்று கவனி. பார்க்காவிட்டால் வேறு கடைக்குப் போ. நின்றபடி கால் விரல் நுனிக்கு முன்னால் உன் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓடியதும் உள்ளே இருக்கும் மெத்தையை ஒரு முறை சோதித்துக்கொள்.

தம்பியிடம் உனக்காக நல்ல காலுறை நான்கு ஜோடி கொடுத்தனுப்புகிறேன். அதைப் பார்க்காத காலுக்கும் தருவார்களாம், கேட்டுவிட்டேன். அம்மாவின் ஆபரேஷன் முடிந்ததும் அன்றைக்கே ஒரு வரி எழுது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி