துறைமுக எண்ணெய்க் கழிவுநீருக்குப் பாசி மின்கலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளின் இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் காலமும் அதுவே. படகின் அடித்தட்டில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து தேங்கிய நீர் அப்போது எங்கே போகிறது என்பதை, துறைமுகத் தண்ணீரின் மேல் பல நிறமாய்ப் படர்ந்து கிடக்கும் எண்ணெய்ப் படலமே காட்டிக்கொடுக்கிறது.

கடலோர நீரில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெய்ப் பசை லிட்டருக்கு 20 மில்லிகிராமையும், ஆறு குளங்களில் விடப்படுவதில் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இரவும் பகலும் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழப் பாதி இதற்கே போய்விடும். சிறிய துறைமுகங்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் பாசியைத் துணைக்கு அழைக்கும் நுண்ணுயிர் மின்கலத்தை நம் மாவட்டத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இதில் சவ்வு ஒன்றால் பிரிக்கப்பட்ட இரண்டு அறைகள் உண்டு. காற்றுப் புகாத முதல் அறையில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள், கார்பன் மின்முனையிலிருந்து கம்பி வழியாக இரண்டாம் அறைக்குச் செல்கின்றன; அந்த ஓட்டமே மின்சாரம். அங்கே எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள ஆக்சிஜன் தேவை. அதைக் காற்று ஊதும் கருவிக்குப் பதிலாக, வெயிலில் வளரும் பாசி கொடுத்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடையும், முதல் அறையிலிருந்து வரும் நீரை இரண்டாம் அறைக்குள் விட்டால் அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளையும் அதே பாசி எடுத்துக்கொள்கிறது. நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை இங்கிலாந்துப் பேராசிரியர் எம்.சி. பாட்டர் 1911லேயே எழுதியிருக்கிறார்.

முப்பந்தல் காற்றாலைகளையும் கோதையாறு நீர்மின் நிலையத்தையும் பார்த்துப் பழகிய நாம் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். ஒரு மின்கலம் கொடுப்பது அரை வோல்ட் அளவுதான்; இரவில் பாசி ஆக்சிஜன் தராததால் அதுவும் குறையும். இதை மின் உற்பத்தித் திட்டம் என்று யாராவது கொண்டுவந்தால் நானே எதிர்ப்பேன். காற்று ஊதும் செலவு மிச்சமாவதே இதன் உண்மையான பயன்; கிடைக்கும் சிறு மின்சாரம் நீரின் தரத்தை அளக்கும் கருவிக்கு உதவினாலே போதும்.

மிதக்கும் எண்ணெயை முதலில் தனித் தொட்டியில் வழித்தெடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மின்முனையின் மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிடும். எஞ்சும் டீசல், காற்றில்லாத அறையில் மிக மெதுவாகவே சிதையும். எனவே நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் கூடங்களின் தேங்காய் எண்ணெய் கலந்த கழுவுநீரில் முதல் சோதனையைத் தொடங்கலாம். அந்த எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு எளிதில் உணவாகும். படகு நீரில் உப்பு இருப்பது ஒரு வகையில் நல்லதே, மின்சாரம் எளிதாகக் கடக்கும். ஆனால் அந்த உப்பை நன்னீர்ப் பாசி தாங்காது. உவர்நீர்ப் பாசியும், உப்புக்கும் எண்ணெய்க்கும் ஏற்கெனவே பழகிய துறைமுகச் சேற்றின் நுண்ணுயிர்களும் தேவைப்படும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் மையம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் அம்மையத்துடன் பேசி, அடுத்த தடைக்காலத்துக்குள் ஒரு துறைமுகத்தில் ஒரேயொரு சோதனைத் தொட்டியையாவது அமைக்கக் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் உள்ள எண்ணெயின் அளவை வாரந்தோறும் சோதித்து, படகுக்காரர்கள் படிக்கும்படி ஏலக்கூடத்தின் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மணக்குடி, கன்னியாகுமரி மாவட்டம்.