அறுந்த வாருக்குப் பதில் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ராக்கி மலைத் தேசியப் பூங்கா பனிநடைச் சுற்றுலா – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல்.

வணக்கம். தொலைபேசியில் கேட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறீர்கள். மின்னஞ்சலுக்குத் தானாக வரும் பதில், எஸ்டெஸ் பார்க் ஊரிலுள்ள உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்கிறது. நேரில் போனால் அதே தொலைபேசி எண்ணை எழுதித் தருகிறார்கள். அலைந்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பேர் ஏரியில் தொடங்கி நிம்ஃப், ட்ரீம் ஏரிகள் வழியாக எமரால்டு ஏரி வரை செல்லும் உங்கள் ஜனவரிச் சுற்றுலாவுக்கு என் தாயார், மனைவி, நான் மூவரும் பணம் கட்டினோம். பூங்காவின் ரேஞ்சர்கள் கட்டணமின்றியே பனிநடைக்கு அழைத்துச் செல்கிறார்கள்; ஆனால் பனியில் கால் புதையாமலிருக்க ஷூவுக்கு அடியில் வாரால் கட்டிக்கொள்ளும் அகலமான பனிக்காலணியை நாமே கொண்டுபோக வேண்டும். நல்ல காலணி கிடைக்கும் என்பதற்காகவே உங்களிடம் வந்தோம். நிம்ஃப் ஏரியைத் தாண்டி ஏறும்போது அம்மாவின் காலணியில் குதிகால் வார் அறுந்தது. அன்று விழுந்த வெடிப்பு அல்ல அது. ரப்பர் முழுவதும் பழைய கீறல்கள். அடுத்த அடியில் அவர் தொடை வரை பனியில் புதைந்தார். உங்கள் வழிகாட்டியிடம் மாற்று வாரும் இல்லை, இழுத்துக் கட்ட ஒரு துண்டுக் கயிறும் இல்லை. 9,475 அடி உயரத்தில் தொடங்கும் பாதைக்கு இப்படியா ஆளை அனுப்புவது? எங்களைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுடன் அவர் மேலே போய்விட்டார். குளிர்காலத்தில் அங்கே ஷட்டில் பஸ் ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வேன் வரும்வரை வாகன நிறுத்துமிடத்தில் காற்றில் நின்றோம். தன் கையுறையைக் கழற்றி அம்மாவுக்குக் கொடுத்த வேன் ஓட்டுநருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட என்னால் பொறுக்க முடியாதது உங்கள் அலுவலக ஊழியரின் பேச்சு. அறுந்த வாரை நேரில் காட்டினால் பணம் கிடைக்கும் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, கொட்டும் பனியில் டென்வரிலிருந்து காரோட்டி வந்தேன். அவர் வாரைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தாமல், "பனி என்றால் அப்படித்தான். வயதானவர்களை ஏன் கூட்டி வருகிறீர்கள்?" என்றார். படிவத்தில் அம்மாவின் வயதைக் கேட்டு எழுதி வாங்கியது நீங்கள்தானே? முதன்முறை நடப்பவர்களுக்கும் ஏற்றது என்று விளம்பரம் செய்ததும் நீங்கள்தானே? அந்த ஒரு வாக்கியத்துக்காகவா நான் அத்தனை மலை வளைவுகளைக் கடந்து வந்தேன்?

பூங்காவில் பனியில் சறுக்கி விளையாட அனுமதியுள்ள ஒரே இடமான ஹிடன் வேலிக்கு மாலையில் அழைத்துச் செல்வதாகச் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினீர்கள். அதுவும் நடக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த என் தாயார் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியில் கால் வைத்த நாள் அது. அவருடைய அமெரிக்கப் பயணமே பாழாகிவிட்டது. இனி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பனிமலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம். இதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் மூவரின் முழுத் தொகையையும் திருப்பி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊழியர் என் தாயாரிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டுக் கட்டணத்தை மறுப்பேன். உங்களுக்கு வணிக அனுமதி தந்த பூங்கா நிர்வாகத்துக்கும், கொலராடோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் வாரின் புகைப்படத்துடன் எழுதுவேன். அதுவரை போக எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து இம்முறையாவது ஒரு மனிதரைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, அறுந்த வாரின் புகைப்படங்கள்