குரல் மேலேயே பார்க்கச் சொல்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில், ரங்கூன் ஆற்றங்கரையைப் போனில் ஆடியோ கேட்டுக்கொண்டே நாமாக நடந்து பார்க்கலாம் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழிலும் இப்படி ஒன்று வந்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லது என்று முடித்திருந்தீர்கள். வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கிலீஷில் இருப்பதை வரிக்கு வரி தமிழில் படித்துப் பதிவு செய்துவிடாதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்த அடுத்த ஞாயிறே பேரன் தன் போனில் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். 68 வயதில், முழங்கால் வலியோடு, காதில் மாட்டிக்கொண்டு நடந்தே பார்த்துவிட்டேன். யார் செய்தது என்று எழுதப் போவதில்லை, பாவம், பாடுபட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

போட்டத்தாங் பயாவில், அதாவது ஆற்றோரத்துப் புத்தர் கோயிலில், ஆரம்பித்தோம். அங்கே நன்றாகத்தான் இருந்தது. 1943 நவம்பர் 8ஆம் தேதி குண்டு விழுந்து பயா தரைமட்டமான கதை, இடிபாட்டை அள்ளியபோது அடியில் புதையறை கிடைத்தது, போருக்குப் பிறகு திரும்பக் கட்டும்போது உள்ளே ஆட்கள் நடந்து பார்க்கும்படி கூடாகக் கட்டியது எல்லாம் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து அந்தத் தங்கத் தகட்டுச் சுவருக்கு நடுவே வளைந்து வளைந்து போய் வந்திருக்கிறேன், ஏன் உள்ளே வெற்றிடமாக இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்புறம் ஸ்டிராண்டு ரோட்டுக்கு வந்தோம். "சாலையைக் கவனமாகக் கடக்கவும்" என்று ஆடியோவில் பேசுகிற ஆள் அமைதியான குரலில் சொல்கிறார். கடக்கவாம்! ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கோழிகூடப் புக முடியாது. நான் இந்தப் பக்கமே நிற்கிறேன், அவர் அந்தப் பக்கம் போய் தூணையும் வளைவையும் வர்ணித்துக்கொண்டிருக்கிறார். பேரன் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டுக் கொடுத்தான். கடந்து முடித்து டீக்கடையில் உட்கார்ந்தால், ஆர்டர் எடுக்கப் பையன் வரும் நேரம் பார்த்துத் தானாகவே தபாலாபீஸ் கதை தொடங்கிவிட்டது. போன் நாம் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் அந்தந்தக் கதையைப் போடுமாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே, அதுவும் நம் நம்பர் சந்துகளில், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் நாலு கடை தள்ளி நிற்பதாகக் கணக்குப் போட்டுவிடும் என்றான் பேரன். சரி, அது எந்திரத்தின் குற்றம்.

எனக்குப் பொறுக்காதது வேறு. வழி முழுக்க அந்தக் குரல் மேலேயே பார்க்கச் சொல்கிறது. மேலே கோபுரத்தைப் பாருங்கள், மேலே மாடத்தைப் பாருங்கள், மேலே இரும்பு வேலைப்பாட்டைப் பாருங்கள். ஸ்டிராண்டு ஓட்டல் 1901இல் திறந்தது, சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்தினார்கள், யார் யார் வந்து தங்கினார்கள் என்று அங்கேயே கால் மணி நேரம். கழுத்து வலித்ததுதான் மிச்சம். நம்முடைய கதை மேலே இல்லை, காலடியில் கிடக்கிறது. இன்றைக்கு பெரிய தபாலாபீஸாக இருக்கிற கட்டடம் புல்லக் பிரதர்ஸ் என்ற அரிசிக் கம்பெனி தனக்காகக் கட்டியது. அதைச் சொன்னார்கள். அந்த அரிசி, ஆலையிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போனது? அதற்கு ஒரு வரியும் இல்லை. போருக்கு முன்னால் வருஷத்துக்கு சுமார் முப்பது லட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து வெளியே போனது, உலகத்தில் வேறு எந்த நாடும் அவ்வளவு அனுப்பியதில்லை. அதில் பெரும்பங்கு இந்த ஆற்றங்கரை வழியாக, ஆள் முதுகில் ஏறி இறங்கித்தான் போயிற்று. ரோட்டை ஒட்டித் தண்டவாளம் போகிறதே, அதில் சரக்கு ரயில் ஓடியது, 2016இல் சில மாதம் ஒரு டிராம்கூட விட்டுப் பார்த்தார்கள். பேரன் அதில் கால் இடறிய பிறகுதான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. ஆடியோ மூச்சு விடவில்லை.

இங்கே உங்கள் கட்டுரையையும் கொஞ்சம் திருத்த வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் எல்லாரும் தமிழர்கள் என்று படும்படி எழுதியிருந்தீர்கள். தமிழர் இருந்தார்கள், என் தாத்தா சென்னையிலிருந்து கப்பல் மேல்தட்டில் பாய் விரித்து வந்து கிடங்கில் எடை போட்டவர்தான். ஆனால் துறையில் பெரும்பாலும் இருந்தவர்கள் தெலுங்கர்கள், கொரங்கிகள் என்று இங்கே எல்லாரும் சொல்வார்களே அவர்கள். 1930 மே மாதம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பெனிகள் அந்த இடத்துக்குப் பர்மியர்களை எடுத்தன, பிறகு சமாதானமாகிப் பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டபோது புதிதாக வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே தொடங்கிய அடிதடி ஊர் முழுக்கக் கலவரமாகிப் பல உயிர் போனது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வளைவைப் பற்றிக் கேட்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

தமிழில் செய்பவர்கள் பெயர்களையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் ஷ்வேபொந்தா தெரு என்றால் யோசிப்பார்கள், மொகல் தெரு என்றால் உடனே செட்டியார்மார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கி என்பார்கள். டல்ஹௌசி, பிரேசர், ஃபேர் தெரு என்று அவர்கள் பேசுவது இன்றைய மகாபந்தூலா, அனோரதா, பன்சோடான். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் தாத்தா சொன்ன இடமும் பேரன் நிற்கிற இடமும் ஒன்றென்று தெரியும். ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பி, நம் ஆட்கள் 1871இல் கட்டிய காளி கோயிலில் முடித்தால் இன்னும் நல்லது, அங்கே உட்காரத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் இருக்கும்.

கிட்டங்கி என்றதும் பெருமை மட்டும் பேசிவிடக் கூடாது. வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள், அரிசி விலை சரிந்த வருஷங்களில் விவசாயிகளால் கட்ட முடியவில்லை, 1930களின் கடைசியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. பர்மியருக்கு நம்மேல் இருந்த கோபத்துக்கு இது பெரிய காரணம். செட்டியார் வீட்டார் யாரும் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண்தான் என் அண்ணி. அதைச் சொல்லாமல் அன்னதானத்தையும் கோயில் திருப்பணியையும் மட்டும் சொன்னால், கூட நடக்கிற பர்மியப் பிள்ளை காதிலிருந்து கழற்றிவிடும்.

நடந்து பார்த்ததில் தெரிந்த சில்லறை விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். ஓர் இடத்துக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச வேண்டாம், நிழலும் இல்லை, உட்காரக் கல்லும் இல்லை. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டையும் அடைத்தால் ஹாரன் கேட்காது. எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ள வசதி வேண்டும், வழியில் நெட் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கரண்டு போகிற ஊரில் பாதிப் பேர் பாதி சார்ஜோடுதான் கிளம்புகிறோம். போட்டத்தாங்கிலிருந்து பன்சோடான் துறைக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடைபாதைப் பலகைக்கல் ஆடுகிறது, அதையும் சொல்லலாம், அதற்காவது கீழே பார்க்கச் சொன்னதாக இருக்கும்.

பன்சோடான் துறையில் ஆடியோ, டலாவுக்குப் போகிற படகையும் எதிர்க்கரையையும் சொல்லி, நன்றி கூறி முடிந்துவிட்டது. நான் கிளம்பவில்லை. தண்ணீர் வடிந்திருந்த நேரம். கடல் எவ்வளவோ தள்ளி இருந்தாலும் இந்த ஆற்றில் ஆள் உயரத்துக்கு மேலே ஏறி இறங்கும், உங்களுக்குத் தெரியும். நீர் வடிந்தால் மிதவையும் கூடவே இறங்கி, கரையிலிருந்து போகிற பாலம் சரிவாகிவிடும்.

1964இல் அத்தை குடும்பம் இந்தியாவுக்கே போனபோதும் தண்ணீர் இப்படித்தான் வடிந்திருந்தது. மார்ச்சில் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், மாமாவின் துணிக்கடையும் போயிற்று, பெட்டியில் இருந்த நோட்டும் போயிற்று. எனக்கு ஏழு வயது. சோதனை செய்தவர் அத்தையின் காதைக் காட்டி ஏதோ சொன்னார். அத்தை அங்கேயே குந்தி உட்கார்ந்து தோட்டைக் கழற்றினார், ஒரு பக்கத்துத் திருகு மட்டும் இறுகிக்கொண்டு வரவேயில்லை. பின்னால் வரிசை நின்றது. அம்மா தன் எச்சிலைத் தொட்டுத் தடவித் திருகிவிட்டார். தோடு அந்த ஆளின் மேசைக்குப் போனது, கைதவறிய திருகு பலகை இடுக்கில் விழுந்து ஆற்றுக்குள் போனது. சரிவில் இறங்கும்போது அத்தை ஒரு கையால் பாயையும் இன்னொரு கையால் வெறுங்காதையும் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று இப்போதும் எனக்கும் என் அண்ணனுக்கும் சண்டை.

இதைப் பேரனிடம் அங்கே நின்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். "ஆயா, இத ஏன் போன்ல பதிஞ்சு வைக்கல?" என்றான். கேட்டால்தானே சொல்வேன் என்றேன்.

நீங்கள் செய்வதாக இருந்தால் எழுதுங்கள், நான் பேசித் தருகிறேன். என்னைவிட மூத்தவர்கள், 1941 டிசம்பர் குண்டுவீச்சைப் பார்த்தவர்கள், எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது, ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முதலில் அவரிடம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் எனக்குத் தோது. மழை விட்டிருந்தால் துறைக்கே போய் நின்று பேசலாம், இல்லாவிட்டால் வீட்டில். ஒன்பது மணிக்குக் கரண்டு போய்விடும், அதற்குள் போனைச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்வே, யாங்கோன்.